ஆயிரம் பெண்களுக்குத் தாயான பண்டித ரமாபாய்

மும்பையிலிருந்து சென்னைக்குப் போகும் நம்மவர்கள் புனே தாண்டியதும் சற்றுக் கண்ணயர்வது வழக்கம். புனேக்கும் தௌண்ட் சந்திப்புக்கும் நடுவே கேட்காவ் என்ற சிறிய ஸ்டேஷன் ஒன்று வரும். பெரும்பாலான விரைவு ரயில்கள் அங்கே நிற்பதில்லை. பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கடந்து போய்விடும்.

1900-ம் ஆண்டு வாக்கில் அந்த ஊருக்குக் கூட்டம் கூட்டமாகப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பஞ்சத்தில் அடிபட்டு எலும்பும் தோலுமாகிப் போனவர்கள். கைம்பெண்கள், தாய் தகப்பன் இல்லாத சிறுமிகள், யாருக்கும் வேண்டாதவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தவரும் ஒரு பெண்தான். வெள்ளைப் புடவை கட்டிய, குள்ளமான, காது சரியாகக் கேளாத ஒரு விதவை. அவர் பெயர் பண்டித ரமாபாய்.

ரமாபாய் பெரிய படிப்பாளி. சமஸ்கிருதத்தில் ஆண்களே மலைக்கும்படி பேசியவர். இங்கிலாந்தும் அமெரிக்காவும் கண்டவர். ஆனால் அவருடைய வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பாடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அது அவரைப் பெற்ற தாயின் பாடை. அதைத் தூக்க நாலு பேர் கிடைக்கவில்லை.

கூடையில் வந்த குழந்தை

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே. சித்பாவன் பிராமணர். சாஸ்திரங்களில் கரை கண்டவர். பெண்களுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பண்டிதர்கள் கட்டுப்பாடு வைத்திருந்த காலம் அது. அனந்த சாஸ்திரி அந்தக் கட்டுப்பாட்டை மதிக்காமல் தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். எதிர்ப்புக் கிளம்பியது. அவர் ஊரை விட்டு விலகி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டில் குடியேறினார். துங்கா, பத்ரா ஆறுகள் பிறக்கும் அந்த இடம் இன்றைய கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அங்கேதான் 1858-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி ரமாபாய் பிறந்தார்.

வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டதில் சாஸ்திரியின் கைப்பொருள் கரைந்தது. குழந்தைக்குச் சில மாதம் ஆனபோதே குடும்பம் காட்டை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. குழந்தையைப் பிரம்புக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்தார்கள்.

அன்று தொடங்கிய நடை பல ஆண்டுகள் ஓயவில்லை. ஊர் ஊராகப் போய்க் கோயிலிலும் ஆற்றங்கரையிலும் புராணம் படிப்பதே குடும்பத்தின் தொழில். கேட்டவர்கள் கொடுத்த அரிசியும் காசும்தான் வருமானம். நடந்துகொண்டே தாய் மகளுக்குப் பாடம் சொன்னார். பள்ளிக்கூட வாசலை மிதிக்காமலே ரமாபாய் பாகவத புராணத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் அளவுக்குக் கற்றுவிட்டார்.

நாலாவது ஆள்

1870-களில் தெற்கே பஞ்சம் வந்தது. சோற்றுக்கே வழியில்லாதபோது புராணம் கேட்க யார் வருவார்கள்? நகை போயிற்று. பாத்திரங்கள் போயின. கடைசிப் பிடி அரிசியும் தீர்ந்தது. அந்தக் குடும்பத்துக்குக் கூலி வேலை செய்யத் தெரியாது. பிச்சை கேட்கவும் நாக்கு எழவில்லை. திருப்பதி மலைப் பக்கத்துக் காட்டுக்குள் போய் உயிரை விட்டுவிடுவதென்று முடிவு செய்தார்கள். 11 நாட்கள் இலைதழையும் தண்ணீரும் ஒரு பிடி காட்டு ஈச்சம்பழமும்தான் ஆகாரம்.

1874-ம் ஆண்டு தந்தை இறந்தார். மகன் சீனிவாசன் தந்தையின் உடலை வேட்டியில் மூட்டையாகக் கட்டி, தனியாளாகவே இரண்டு மைலுக்கு மேல் சுமந்து போய் அடக்கம் செய்தார். சில வாரங்களில் தாயும் போய்ச் சேர்ந்தார். சுடுகாடு வெகு தூரம். பாடை தூக்க வேண்டுமே! ஊருக்குப் புதியவர்கள், பரதேசிகள். யார் வருவார்கள்? எப்படியோ இரண்டு பிராமணர்கள் இரங்கி வந்தார்கள். சீனிவாசன் மூன்றாவது ஆள். நாலாவது ஆள் இல்லை.

நாலாவது ஆளாக ரமாபாயே தோள் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 16. குள்ளமானவர் என்பதால் தோளில் வைத்தால் பாடை சரிந்தது. அதனால் பெற்ற தாயின் பாடையைத் தலையில் தாங்கிக் கொண்டே சுடுகாடு வரை நடந்தார்.

சில மாதம் கழித்து அக்காவும் இறந்தார். மிஞ்சியது அண்ணனும் தங்கையும் மட்டும்தான்.

வெளியூரில் பிழைக்கிறவர்களுக்கு இந்தத் துயரத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாழ்வுக்கும் சாவுக்கும் நாலு பேர் வேண்டும் என்று நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அந்த நாலு பேர் இல்லாத வெறுமையை ரமாபாய் 16 வயதிலேயே பார்த்துவிட்டார். பிற்காலத்தில் அவர் செய்த காரியங்கள் எல்லாம் அந்த வெறுமையை நிரப்பச் செய்தவை என்றே சொல்லலாம்.

பட்டமும் கைம்மையும்

அண்ணனும் தங்கையும் கால்நடையாகவே வடநாடு முழுவதும் சுற்றினார்கள். 1878-ம் ஆண்டு கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 20 வயதுப் பெண் ஒருத்தி மடை திறந்தாற்போலச் சமஸ்கிருதம் பேசுவதைக் கண்டு பண்டிதர்கள் வியந்தார்கள். பண்டிதா என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் கொடுத்தார்கள். பத்திரிகைகள் புகழ்ந்தன.

1880-ம் ஆண்டு டாக்காவில் அண்ணனும் இறந்துவிட்டார். அதே ஆண்டு ரமாபாய், பிபின் பிகாரி மேதாவி என்ற வங்காளி வக்கீலை மணந்தார். அவர் வேறு சாதி, வேறு மொழி. பதிவுத் திருமணம். சாதியினர் ஒதுக்கி வைத்தார்கள். அசாமில் சில்சார் நகரில் குடித்தனம் நடந்தது. 1881-ல் மனோரமா என்ற பெண் குழந்தை பிறந்தது. அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. 1882-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கணவர் காலராவில் மாண்டார்.

23 வயதில் ரமாபாய் கைம்பெண். கையில் ஒரு வயது கூட நிரம்பாத குழந்தை. அக்கால மேல்சாதிக் கைம்பெண்ணின் கதி எல்லோரும் அறிந்ததே. தலையை மழிப்பார்கள். மூலையில் உட்கார வைப்பார்கள். நல்ல காரியத்தில் அவள் முகத்தில் விழிக்கக் கூடாது. ரமாபாய் மூலையில் உட்காரவில்லை. குழந்தையுடன் பூனாவுக்கு வந்தார். ஆரிய மகளிர் சமாஜம் என்ற அமைப்பைத் தொடங்கினார். அரசாங்கம் அமைத்த ஹண்டர் கல்விக் கமிஷன் முன் சாட்சி சொல்லி, பெண்களுக்குப் பெண் டாக்டர்களும் பெண் ஆசிரியர்களும் தேவை என்று வாதாடினார்.

இங்கிலாந்தில் கண்ட காட்சி

தாமே டாக்டருக்குப் படிக்கலாம் என்ற எண்ணத்தோடு 1883-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தமாகிப் போனதால் அந்தப் படிப்பு கைகூடவில்லை. வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கினார்.

மடத்துச் சகோதரிகள் ஒரு நாள் அவரை லண்டனில் ஃபுல்ஹாம் என்ற இடத்திலுள்ள தங்கள் இல்லத்துக்கு அழைத்துப் போனார்கள். வழி தவறிப்போன பெண்களைச் சேர்த்து வைத்து, வேலை கற்றுக் கொடுத்து, மனுஷியாக நடத்தும் இல்லம் அது. ரமாபாய் திகைத்துப் போனார். அப்படிப்பட்ட பெண்களை ஊரார் கல்லால் அடிப்பதைத்தான் அவர் கேள்விப்பட்டிருந்தார். கையைப் பிடித்துத் தூக்கி விடுவதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தார். காரணம் கேட்டபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய கதையைச் சகோதரிகள் வாசித்துக் காட்டினார்கள்.

1883 செப்டம்பர் 29-ந் தேதி ரமாபாயும் குழந்தை மனோரமாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

மதம் மாறியதால் அவர் யாருக்கும் கைப்பாவை ஆகிவிடவில்லை. மடத்துப் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் அப்படியே ஏற்காமல் கடிதம் கடிதமாக எதிர்வாதம் செய்தார். கடைசி வரை மரக்கறி உணவுதான் சாப்பிட்டார். புடவையை விடவில்லை.

1886-ல் அமெரிக்கா போனார். அவருடைய உறவுப் பெண் ஆனந்திபாய் ஜோஷி பிலடெல்பியாவில் டாக்டர் பட்டம் பெற்ற விழாவைக் காணப் போனவர், ஊர் ஊராகச் சென்று இந்திய விதவைகளின் நிலையை எடுத்துச் சொன்னார். 1887-ல் மேல்சாதி இந்துப் பெண்ணின் நிலை பற்றி ஆங்கிலத்தில் புத்தகம் எழுதினார். அதே ஆண்டு பாஸ்டன் நகரில் ரமாபாய் சங்கம் அமைந்தது. விதவைகளுக்குப் பள்ளி நடத்த 10 ஆண்டுகள் பணம் தருவதாக அந்தச் சங்கம் உறுதி கொடுத்தது. பள்ளியில் எந்த மதத்தையும் திணிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

திறந்திருந்த கதவு

1889-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி பம்பாய் சௌபாத்திப் பகுதியில் சாரதா சதன் என்ற பெயரில் விதவைகள் பள்ளி தொடங்கியது. அங்கே ஆரம்பத்திலேயே சேர்ந்த மாணவிகளில் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. பின்னாளில் பெண்கள் பல்கலைக்கழகம் கண்டு பாரத ரத்னா பெற்ற கார்வேயை அவர்தான் 1893-ல் மறுமணம் செய்து கொண்டார். கோதுபாய் கடைசி வரை இந்துவாகவே இருந்தார்.

1890-ல் பள்ளி பூனாவுக்கு மாறியது. புகைச்சலும் அங்கேதான் ஆரம்பித்தது. ரமாபாய் தினமும் காலையில் தம் அறையில் மகளோடு வேதம் வாசித்து ஜெபம் செய்வார். அறைக் கதவைச் சாத்துவதில்லை. மாணவிகள் சிலர் வாசலில் நின்று கேட்டார்கள். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். ரமாபாய் யாரையும் கூப்பிடவும் இல்லை, வந்தவர்களைப் போகச் சொல்லவும் இல்லை.

பெற்றோருக்குச் செய்தி எட்டியது. மதம் கலக்காத பள்ளி என்று நம்பித்தானே பெண்களை அனுப்பினோம் என்று கொதித்தார்கள். திலகரின் கேசரி பத்திரிகை கடுமையாகத் தாக்கியது. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் 1893-ல் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். இருபதுக்கு மேற்பட்ட மாணவிகளை வீட்டார் வந்து அழைத்துப் போய்விட்டார்கள்.

பெற்றோரின் கோபத்திலும் நியாயம் இருந்தது. தம் சொந்த அறையில் தாம் ஜெபிக்கும்போது கதவைப் பூட்டிக்கொள்ளத் தேவையில்லை என்ற ரமாபாயின் வாதத்திலும் நியாயம் இருந்தது. எப்படியானாலும் அதுவரை துணை நின்ற பெருந்தலைகள் போய்விட்டன. மீண்டும் நாலு பேர் இல்லாத நிலை. மிச்சம் நின்ற பெண்களோடு அவர் ஜெபத்தில் உட்கார்ந்தார்.

லோனாவாலாவில் ஒரு கணக்கு

1896-ல் லோனாவாலா மலையில் கிறிஸ்தவர்களின் முகாம் கூட்டம் நடந்தது. விசுவாசத்துக்கு வந்திருந்த 15 பெண்களோடு ரமாபாய் போயிருந்தார். ஒரு விடியற்காலையில் அவர் வைத்த விண்ணப்பம் விசித்திரமானது. இந்த 15 பேரை அடுத்த முகாமுக்குள் 15 மடங்காக்கித் தர வேண்டும் என்று கேட்டார். அதாவது 225 பேர். அத்தனை பேரை வைத்துக்கொள்ள சாரதா சதனில் இடம் இல்லை. சோறு போடப் பணம் இல்லை. அமெரிக்கச் சங்கத்தின் 10 ஆண்டு வாக்குறுதியும் முடியும் தறுவாயில் இருந்தது.

சில மாதங்களில் மத்திய மாகாணங்களில் கொடிய பஞ்சம் என்று செய்தி வந்தது. ரமாபாய் நேரில் போனார். கஞ்சித் தொட்டிகளின் அருகே அநாதைச் சிறுமிகள் சுருண்டு கிடந்ததைப் பார்த்தார். பெண் பிடிக்கும் தரகர்கள் வட்டமிடுவதையும் பார்த்தார். திருப்பதிக் காட்டில் இலை தின்ற 11 நாட்கள் அவர் நினைவுக்கு வந்திருக்கும். 300 பேரைக் காப்பாற்றுவது என்று தீர்மானித்துக் கூட்டி வரத் தொடங்கினார். லோனாவாலாவில் போட்ட கணக்கு அடுத்த முகாமுக்குள் நிறைந்துவிட்டது.

பஞ்சத்தை யாரும் ஜெபித்து வரவழைப்பதில்லை. ஆனால் பஞ்சம் வந்தபோது, எத்தனை பேர் வந்தாலும் ஏற்றுக்கொள்வது என்று ஏற்கெனவே மனம் தயாரான 16 பேர் பூனாவில் இருந்தார்கள். ரமாபாயும் அந்த 15 பெண்களும்தான் அவர்கள். ஜெபம் அவர்களை அப்படித் தயார் செய்து வைத்திருந்தது.

கேட்காவ் வயல்வெளியில்

அப்போது பூனாவில் பிளேக் பரவியது. நகருக்குள் புதிதாகக் கூட்டம் சேர்க்க அதிகாரிகள் தடை விதித்தார்கள். எங்கே போவது? பழத்தோட்டம் போடுவதற்காகக் கேட்காவில் சுமார் 100 ஏக்கர் நிலம் முன்பே வாங்கிப் போட்டிருந்தார். பஞ்சப் பெண்களை அங்கே கொண்டு போனார். கட்டடம் ஏதும் இல்லாத வயல்வெளி. ஓலைக் கொட்டகையிலும் கூடாரத்திலும் வாழ்க்கை தொடங்கியது. அதற்கு முக்தி என்று பெயர் வைத்தார். விடுதலை என்று பொருள்.

வந்தவர்கள் சாதாரண மாணவிகள் அல்ல. பசியில் புத்தி பேதலித்தவர்கள், உடம்பெல்லாம் புண்ணானவர்கள், உணவைத் திருடி ஒளித்து வைப்பவர்கள், ஆளைக் கண்டால் மிரள்பவர்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைக்கப் பணம் போதாது. சாரதா சதனில் முன்பு சேர்ந்திருந்த பெண்களே முன்வந்தார்கள். நேற்று வரை மாணவிகளாக இருந்தவர்கள் இன்று ஆசிரியைகளாகவும் மேட்ரன்களாகவும் ஆனார்கள். புண்ணைக் கழுவினார்கள். பேன் பார்த்தார்கள். பக்கத்தில் படுத்துத் தூங்க வைத்தார்கள். தனக்கு ஒருவர் செய்ததை மற்றொருவருக்குச் செய்வது என்பதே முக்தியின் சட்டமாயிற்று.

1900-ல் குஜராத்தில் பஞ்சம் வந்தது. ரமாபாயின் பெண்களே ஊர்களுக்குப் போய் அநாதைகளைக் கூட்டி வந்தார்கள். முக்தியில் ஆட்கள் தொகை ஏறத்தாழ 2,000 ஆகிவிட்டது. ஒரு வேளை அடுப்பு மூட்டினால் 2,000 பேருக்குப் பொங்க வேண்டும்.

இதற்கெல்லாம் பணம்? இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் முல்லர் என்பவர் யாரிடமும் கை நீட்டாமல் ஜெபத்தை நம்பியே ஆயிரக்கணக்கான அநாதைகளை வளர்த்த வரலாற்றை ரமாபாய் படித்திருந்தார். அந்த வழியையே தாமும் பின்பற்றினார். முக்தியின் செய்திகளைத் தாங்கிய சிறு பத்திரிகைக்கு முக்தி ஜெப மணி என்று பெயர். அதைப் படித்த வெளிநாட்டார் பலர் உதவினார்கள்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு ஜெபத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. கிணறு வெட்டினார்கள். பயிர் செய்தார்கள். மாடு வளர்த்தார்கள். தறி ஓடியது. செக்கு ஆடியது. தையல், சலவை, அச்சு வேலை என்று ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு கைத்தொழில். வழி தவறிய பெண்களுக்குக் கிருபா சதன் எழுந்தது. கண் பார்வையற்ற பெண்களுக்குத் தனி இல்லம் ஏற்பட்டது. அவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லி எழுத்தைக் கற்றார்கள். நடுவில் பெரிய ஆலயம் எழும்பியது. சாதி பார்க்காமல் எல்லோரும் தரையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

எழுபது பேர் ஐந்நூறு ஆனார்கள்

1904-ல் இங்கிலாந்துக்கு மேற்கேயுள்ள வேல்ஸ் நாட்டின் சபைகளில் பெரும் எழுப்புதல் உண்டான செய்தி உலகெங்கும் பரவியது. முக்தியிலும் அதே தாகம் பிறந்தது. 1905 ஜனவரியில் ரமாபாய் தம் பெண்களிடம் பேசினார். நாட்டுக்காகவும் சபைக்காகவும் தினமும் கூடி ஜெபிக்க விருப்பமுள்ளவர்கள் வரலாம் என்றார். கட்டாயம் இல்லை. 70 பேர் வந்தார்கள்.

ஜனவரி போய் பிப்ரவரி வந்தது. கோடை வந்தது. ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் கூட்டம் மட்டும் குறையாமல் வளர்ந்தது. ஜூன் மாதத்தில் 500-க்கு மேற்பட்டோர் கூடினார்கள். அடுப்படி வேலை, தறி வேலை, பாடம் எல்லாவற்றுக்கும் நடுவே அந்த நேரத்தை ஒதுக்கினார்கள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு நாள் விடியுமுன், பெண்கள் படுத்திருந்த கூடத்தில் ஒருத்தி மனம் உடைந்து அழுது ஜெபிக்கத் தொடங்கினாள். அவளைச் சுற்றி நெருப்பு எரிவது போல் தோன்றியதாகவும், ஒருத்தி தண்ணீர் வாளியோடு ஓடி வந்ததாகவும் அங்கிருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மறுநாள் ரமாபாய் வேதபாடம் நடத்திக் கொண்டிருந்தபோது கூட்டமே அழுது ஜெபித்தது. பாடம் நின்றது. ஒருத்தி செய்த தவறை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். பேசாமல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய்ச் சமாதானம் ஆனார்கள்.

நெருப்பைப் பற்றிப் படிப்பவர்கள் தத்தம் நம்பிக்கைப்படி எடுத்துக்கொள்ளலாம். அதன் பின் நடந்ததற்கு எல்லோரும் சாட்சி. நூற்றுக்கணக்கான பெண்கள் ஜெபக் குழுக்களாகப் பிரிந்தார்கள். முறை போட்டுக்கொண்டு தினமும் சிலர் சுற்றுக் கிராமங்களுக்குப் போனார்கள். போகாதவர்கள் போனவர்களுக்காக ஜெபித்தார்கள். பெயர்ப் பட்டியல் எழுதி, இன்னாருக்காக இன்னார் ஜெபிப்பது என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் பஞ்சச் சாலையில் கிடந்த பெண்கள், முன்பின் அறியாத மனிதர்களின் பெயரைச் சொல்லித் தினமும் மன்றாடினார்கள்.

எல்லோரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பதை வெளியார் பலர் பழித்தார்கள். வெள்ளைக்கார மிஷனரிகளிலும் சிலர் முகம் சுளித்தார்கள். ரமாபாய் தம் பெண்களுக்காக எழுந்து நின்றார். இந்தியர்கள் தங்கள் பழக்கப்படி அழுதும் சத்தமிட்டும் ஜெபிப்பதை மேல்நாட்டு முறையைக் காட்டி அடக்கக் கூடாது என்று எழுதினார். அவருக்கே காது மந்தம். ஆனாலும் அந்தச் சத்தத்தின் அர்த்தம் அவருக்குத் தெரிந்திருந்தது.

முக்தியில் அவருக்குத் துணை நின்றவர் மின்னி ஆப்ராம்ஸ் என்ற அமெரிக்க மிஷனரி. இந்த எழுப்புதலைப் பற்றி 1906-ல் ஒரு சிறு புத்தகம் எழுதித் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்த தம் தோழிக்கு அனுப்பினார். தோழியின் கணவர் ஹூவர் வால்பரைசோ நகரில் போதகர். புத்தகத்தைப் படித்த அந்தச் சபையும் ஜெபத்தில் இறங்கியது. சிலி நாட்டின் பெந்தெகொஸ்தே சபைகள் தங்கள் தொடக்கத்தை அந்த 1909-ம் ஆண்டு எழுப்புதலில் காண்கின்றன. கேட்காவ் வயலில் ஏற்றிய விளக்கின் வெளிச்சம் கடல் கடந்து போயிற்று.

கடைசி வேலை

வயதான காலத்தில் ரமாபாய் இன்னொரு பெரும் பாரத்தை எடுத்தார். வேதாகமம் முழுவதையும் எளிய பெண்களுக்கும் புரியும் மராத்தியில் மொழிபெயர்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். அவர் எழுத, முக்திப் பெண்கள் எழுத்துக் கோத்தார்கள். அச்சடித்தார்கள். பைண்டு செய்தார்கள். எழுத்தே அறியாமல் வந்த பெண்கள் அவர்கள்.

1919-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது. ஆனால் வீட்டில் இடி விழுந்தது. தமக்குப் பின் முக்தியை நடத்துவார் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமா 1921-ம் ஆண்டு ஜூலையில் இறந்தார். தாய், தந்தை, அக்கா, அண்ணன், கணவர், இப்போது மகள். ஆனால் இம்முறை ரமாபாய் தனியாக நிற்கவில்லை. ஒரு சபையே சுற்றி நின்றது. அந்தத் தாங்குதலில் மொழிபெயர்ப்பு வேலையைத் தொடர்ந்தார்.

1922-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி ரமாபாய் உறக்கத்திலேயே காலமானார். இன்னும் சில நாளில் 64 வயது நிறைந்திருக்கும். அவர் மொழிபெயர்த்த முழு வேதாகமம் 1924-ல் முக்தி அச்சகத்திலிருந்து வெளிவந்தது. இந்திய அரசு 1989-ல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

கேட்காவ் மண்ணிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். தாயின் பாடைக்கு நாலாவது ஆள் கிடைக்காமல் தலையைக் கொடுத்த பெண் அவர். அவர் போனபோது அழுவதற்கும் ஜெபிப்பதற்கும் நூற்றுக்கணக்கான மகள்கள் இருந்தார்கள். ஒருத்திகூட அவர் பெற்ற மகள் இல்லை.

முக்தி இன்றும் கேட்காவில் இயங்குகிறது. ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

ஜெபத்தின் வல்லமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ரமாபாயின் வாழ்க்கையைப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். தன் பாரத்தை வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் வேண்டும். கேட்பதற்கு நாலு பேர் வேண்டும். கேட்ட நாலு பேரும் எழுந்து போய் ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுக்க வேண்டும். முக்தியில் நடந்தது அதுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, புனே தாண்டியதும் சற்றுக் கண் விழித்திருங்கள். கேட்காவ் பெயர்ப் பலகை ஒரு நொடி தெரியும்.